சாவுக்குச் சாட்சி சொல்ல யார் தகுதியானவர்?

சித்தப்பா இறந்தார். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாளுக்குள் இறப்பைப் பதிந்தோம். அதில் சிக்கலில்லை. வாரிசுச் சான்றிதழில்தான் சாதி பல்லைக் காட்டியது. விசாரணைக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் காலனிக்குள் கால் வைக்கவில்லை. ஊர்த்தெரு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு சித்தியை அங்கே வரச்சொன்னார். ஊரார் வீட்டுச் சாவென்றால் திண்ணைக்கே போய்க் கையெழுத்து வாங்குகிறவர்தான்!

“சாட்சிக்கு ஊர்க்காரங்க ரெண்டு பேர் வேணும்” என்றார். எங்கள் தெருவில் இத்தனை குடும்பங்கள் இருக்கின்றன. நாங்கள் ஊர்க்காரர்கள் இல்லையாம். அவர் சொன்ன ஊர்க்காரர்கள் யார்? பிணத்தைப் பொதுப்பாதையில் கொண்டுபோகக் கூடாதென்று மறித்த அதே ஆட்கள். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை 1950லேயே ஒழித்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

சாதி இந்துவின் சாட்சிதான் செல்லும் என்று எந்த விதி சொல்கிறது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனு அனுப்பியிருக்கிறேன். பதில் தர அவர்களுக்கு 30 நாள்.