“வீட்டுக்குப் போகணுமா?”



என் மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன். பத்தியச் சமையலும், பேரக் குழந்தைக்கு எண்ணெய்க் குளியலுமாகப் பொழுது போய்விடும் என்று நினைத்துத்தான் போனேன். போன இடத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்தி எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டாள். அமெரிக்கா சமாசாரம் நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களில் எத்தனை பேருடைய பிள்ளைகள் அந்தத் தேசத்தில் இருக்கிறார்கள்!

பக்கத்து வீடு என்றேனே தவிர, நான் போனபோது அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். “பாட்டி எங்கேடி?” என்று மகளைக் கேட்டேன். போன தடவை எனக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தவளாயிற்றே!

“குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சும்மா. ஆபரேஷன் ஆகி, நாலு மாசமா நர்சிங் ஹோமில் இருக்காங்க” என்றாள்.

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. பிரசவம் பார்ப்பார்கள், நாலு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அப்படியில்லை. முதியவர்களும், உடம்பு முடியாதவர்களும் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தங்குகிற இடம் அது. கடைசி வரைக்கும் அங்கேயே இருந்துவிடுகிறவர்களும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனோம். இடம் சுத்தமாகத்தான் இருந்தது. நர்சுகளும் சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள். பாட்டி வாக்கரைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே நடந்தாள். “அப்புறம் ஏன் இன்னும் இங்கே?” என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். பாட்டி ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள்: “போவதற்கு வீடு இல்லை.”

அது எப்படி ஆயிற்று என்று கேளுங்கள். அங்கே 65 வயது தாண்டியவர்களுக்கு மெடிகேர் என்று ஒரு அரசாங்க இன்ஷூரன்ஸ். ஏழைகளுக்கு மெடிகெய்டு என்று இன்னொன்று. இரண்டும் 1965-ல் வந்தவை. ஆஸ்பத்திரியிலிருந்து நர்சிங் ஹோமுக்குப் போனால், மெடிகேர் முதல் 20 நாள் முழுச் செலவையும், அதன்பின் 100 நாள் வரை ஒரு பங்கையும் கொடுக்கும். அதுவும் நர்சுகளின் கவனிப்போ, நடக்கப் பழக்கும் பயிற்சியோ தேவைப்படுகிற வரைக்கும்தான். அதற்குமேல் கைக்காசு. சேமிப்பெல்லாம் கரைந்தபின் மெடிகெய்டு கைகொடுக்கும். ஆனால் அப்போது நம்முடைய பென்ஷன் பணம் பெரும்பாலும் நர்சிங் ஹோமுக்கே போய்விடும். கைச்செலவுக்கு என்று ஒரு சிறு தொகைதான் மிஞ்சும். மத்திய சட்டப்படி குறைந்தபட்சம் மாதம் 30 டாலர். இதை வைத்துக்கொண்டு யார் வீட்டு வாடகை கட்டுவது? இரண்டு மாதம் பார்த்துவிட்டுப் பாட்டியின் மகள் வீட்டைக் காலி செய்துவிட்டாளாம். தையல் மெஷின் முதல் சட்டி பானை வரை யார் யாருக்கோ போய்விட்டது.

எலும்பு கூடிவிட்டது. வீடு போய்விட்டது. சிக்கல் எங்கே இருக்கிறது, பார்த்தீர்களா?

இங்கேதான் அந்தக் கேள்வி வருகிறது. நர்சிங் ஹோமில் சேர்ந்தவுடனும், பிறகு அவ்வப்போதும் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். 2010 அக்டோபரிலிருந்து அதில் ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது. வெளியே போய், வேண்டிய உதவியோடு வாழ்வதைப் பற்றி யாரிடமாவது பேச விருப்பமா என்று சம்பந்தப்பட்டவரையே கேட்க வேண்டும். ஆமாம் என்றால், அதற்கென்று உள்ள உள்ளூர் அமைப்புக்குத் தகவல் போக வேண்டும். பாட்டி “ஆமாம்” என்றாள். ஒரு வாரம் கழித்து ஒரு பெண்மணி நோட்டுப் புத்தகத்தோடு வந்தாளாம்.

இதற்குப் பின்னால் ஒரு திட்டம் இருக்கிறது. தமிழில் சொன்னால், ‘ஆள் போகுமிடத்துக்கே பணமும் போகும்’ என்று பெயர். மெடிகெய்டு சட்டப்படி நர்சிங் ஹோம் செலவை எல்லா மாநிலமும் கொடுத்தே ஆக வேண்டும். வீட்டில் வைத்துப் பார்க்கும் உதவியில் பெரும்பகுதி மாநிலத்தின் விருப்பம். அதனால் படுக்கைக்குப் பணம் உண்டு, வீட்டுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. டெக்ஸாஸ் மாநிலம் 2001-ல் இதை மாற்றி, நர்சிங் ஹோமை விட்டுப் போகிறவரோடு அந்தப் பணமும் போகட்டும் என்றது. பிறகு 2006 பிப்ரவரியில் கையெழுத்தான சட்டத்தில் மத்திய அரசும் இதை எடுத்துக்கொண்டது. வெளியே வந்தவருக்கு முதல் 365 நாள் ஆகும் செலவில் மத்திய அரசு கூடுதல் பங்கு ஏற்கும். நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்து, 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வெளியே வந்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் 6 மாதமாவது உள்ளே இருந்திருக்க வேண்டும் என்று விதி. 2010-ல் அது 90 நாளாகி, 2020 டிசம்பரில் வந்த சட்டத்தால் 60 நாளாகக் குறைந்தது.

இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் லோயிஸ் கர்ட்டிஸ், எலெய்ன் வில்சன் என்று இரண்டு பெண்கள். வெளியே வாழலாம் என்று டாக்டர்களே சொன்ன பிறகும் மனநல ஆஸ்பத்திரியில் வைக்கப்பட்டிருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. காரணமில்லாமல் ஒருவரை இப்படி ஒதுக்கி வைப்பது பாகுபாடு என்று 1999 ஜூன் 22-ல் தீர்ப்பாயிற்று. எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க் என்ற பெண் நீதிபதி. லோயிஸ் கர்ட்டிஸ் பிற்பாடு ஓவியராகி, 2011-ல் வெள்ளை மாளிகைக்கே போய்த் தான் வரைந்த படத்தை ஜனாதிபதி ஒபாமாவிடம் கொடுத்தார்.

பாட்டி கதைக்கு வருகிறேன். உள்ளபடியே மறுப்பு வந்தது அவள் மகளிடமிருந்துதான். “இங்கே விழுந்தால் தூக்க ஆள் இருக்கு. தனியா இருந்து ராத்திரியில் விழுந்தால்?” என்று அழுதாளாம். அவளைக் குறை சொல்ல என் மனசு இடம் கொடுக்கவில்லை. வெளியூரில் வேலை, இரண்டு குழந்தைகள், அவளும் ஒரு தாய்தானே! பாட்டி சொன்ன பதில்: “இங்கேயும்தான் ஒரு தடவை விழுந்தேன். ஆனால் இங்கே என் கதவை நான் சாத்திக்கொள்ள முடியவில்லை.”

அப்புறம் வேலை நடந்தது. தரைத் தளத்தில் ஒரு சின்ன அபார்ட்மென்ட் கிடைக்கவே மூன்று மாதம் ஆயிற்று. வீடு கிடைப்பதுதான் இதில் பெரிய பாடு என்று அந்தப் பெண்மணியே சொன்னாளாம். வீட்டு அட்வான்ஸ், கரண்ட் இணைப்பு, கட்டில், பாத்திரம் பண்டம் இவற்றுக்குத் திட்டத்தில் பணம் உண்டு. குளியலறையில் கைப்பிடிக் கம்பி போட்டார்கள். அழுத்தினால் உதவிக்கு ஆள் வரும் பொத்தான் ஒன்றைக் கழுத்தில் மாட்டினார்கள். குளிக்க, சமைக்கக் கூடமாட ஒத்தாசைக்குத் தினமும் சில மணி நேரம் ஆள் வருகிறாள். மாத வாடகையை மட்டும் மெடிகெய்டு பொதுவாகக் கொடுக்காது. அது பாட்டியின் பென்ஷனிலிருந்துதான்.

புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும் என்று நான் சொல்ல, பாட்டிக்கு ஒரே சிரிப்பு. காய்ச்சினோம். பொங்கி வழிந்ததை அவளே துடைத்தாள். “எட்டு மாசமாயிற்று, ஒரு அடுப்பைத் துடைத்து” என்றாள். மாலையில் தனிமை வாட்டுகிறது என்றும் ஒளிக்காமல் சொன்னாள்.

அங்கே பிள்ளைகள் இருக்கிறவர்கள் இதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

விசிட்டர் விசாவில் போகிற நமக்கு இந்த உதவி கிடையாது. கிரீன் கார்டு வாங்கிப் போகும் பெற்றோருக்கும் பொதுவாக முதல் ஐந்து வருஷம் மெடிகெய்டு இல்லை.

நர்சிங் ஹோமில் சேர்ந்த அன்றே ‘எப்போது வீடு?’ என்று கேட்டு வையுங்கள். வீட்டை அவசரப்பட்டுக் காலி செய்யாதீர்கள். திரும்பிப் போவார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், ஆறு மாதம் வரை வருமானத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கென்று ஒதுக்கச் சில மாநிலங்கள் விடும்.

அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லையானால் நீங்களே அங்குள்ள சமூக சேவை அலுவலரிடம் கேளுங்கள். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வீட்டு உதவிக்குக் காத்திருப்போர் பட்டியலில் லட்சக்கணக்கானோர் உண்டு. இந்த மத்திய திட்டத்துக்கும் 2022 டிசம்பரில் வந்த சட்டப்படி 2027 செப்டம்பர் வரைக்கும்தான் பணம். ஆகவே தாமதம் வேண்டாம்.

எல்லோருக்கும் வீடு திரும்புவது சரிப்படாது. இரவு பகலாக நர்சு தேவைப்படுகிறவர்கள் பலர் அங்கேயே இருப்பதுதான் நல்லது. ஆனால் அதை முடிவு செய்யுமுன், படுத்திருப்பவரின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும். பாட்டியின் மகள் இப்போது வாரம் ஒருநாள் வந்து போகிறாள். முதல் நாள் வந்தபோது அவள் கையில் என்ன இருந்தது தெரியுமா? எங்கெங்கோ தேடி மீட்டு வந்த அந்தத் தையல் மெஷின்!