கிழக்குக்குப் பேர் வைத்தது சூரியன் அல்ல

சமயபுரத்தில் சித்திரைத் தேர் சமயம் ஒரு மேடையில் கேட்டேன். அதற்கு முன்பு பள்ளி ஆண்டு விழாக்களில் கேட்டிருக்கிறேன். இப்போது கைப்பேசியிலும் வருகிறது: "சூரியன் கீழிருந்து எழுவதால் கிழக்கு, மேலேறிப் போவதால் மேற்கு. உலகமே கிழக்கைச் சூரியனை வைத்துத்தான் அழைக்கிறது." கைதட்டல் வாங்கும் இந்த விளக்கம் தவறு.

ஒன்று: மேற்கில் சூரியன் ஏறுவதில்லை, இறங்குகிறது. இவர்கள் கணக்குப்படி மேற்குக்கும் கிழக்கு என்றே பேர் வைத்திருக்க வேண்டும்.

இரண்டு: கிழவன் என்றால் உரியவன், ஆகவே கதிரவனுக்கு உரிய திசை கிழக்கு என்கிறார்கள். குறள் 488-ஐப் புரட்டிப் பார்க்கட்டும். அங்கே கிழக்கு திசையே அல்ல. முடிவுகாலம் வரும்போது பகைவனின் தலை கீழே விழும் என்கிறார் வள்ளுவர். கிழக்கு என்றால் கீழே, அவ்வளவுதான்.

மூன்று: லத்தீனில் 'ஓரியன்ஸ்' என்றால் எழுவது, ஓரியண்ட் அதிலிருந்து வந்தது. கிரேக்க 'அனதோலே'யும் எழுச்சிதான். அனத்தோலியா என்ற நிலப்பகுதியின் பெயர் அதன் வழி வந்தது. சரி, அது அவர்கள் சொல். அவர்கள் சட்டையை நமக்கு ஏன் மாட்டவேண்டும்? சூரியனை வைத்துப் பேர் சொல்ல நினைத்தபோது தமிழன் நேராகவே சொல்லியிருக்கிறான். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை.

அப்படியானால் கிழக்கு எங்கிருந்து வந்தது? ஸ்ரீரங்கத்திலிருந்து சமயபுரம் போகிற பஸ்ஸில் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டும்போது பாருங்கள். இடப்பக்கம் வருகிற தண்ணீர் வலப்பக்கம் போகிறது. இடம் மேற்கு, வலம் கிழக்கு. காவிரி பிறக்கும் தலைக்காவிரி கடல்மட்டத்துக்குச் சுமார் 1,276 மீட்டர் மேலே இருக்கிறது. திருச்சி நூறு மீட்டருக்கும் கீழே. பூம்புகாரில் ஆறு கடலைத் தொடுகிறது. நிலம் மேற்கே மேடு, கிழக்கே தாழ்வு. மேடான பக்கம் மேற்கு, தாழ்ந்த பக்கம் கிழக்கு. முக்கொம்பில் கொள்ளிடத்தை மறித்த அணை மேலணை. அதே கொள்ளிடத்தில் அணைக்கரையில் இருப்பது கீழணை. மேல வயல் பாய்ந்த பிறகுதான் கீழ வயலுக்குத் தண்ணீர் என்று எங்கள் பக்கத்து விவசாயி சொல்லும்போது அவர் உயரத்தையும் திசையையும் ஒரே சொல்லில் சொல்கிறார். ஸ்ரீரங்கத்தில் மேலச்சித்திரை வீதி, கீழச்சித்திரை வீதி. திருச்சியில் வெள்ளைக்காரன் விட்டுப்போன 'புலிவார்டு' ரோட்டைக்கூட மேலப்புலிவார்டு, கீழப்புலிவார்டு என்று பிரித்துக்கொண்டார்கள்.

"கேரளத்தில் மலை கிழக்கே இருக்கிறதே, அங்கும் கிழக்கு என்கிறார்களே" என்று மடக்குவார்கள். அதுவே என் பக்கத்துக்குப் பெரிய சாட்சி. மலையாளி மேற்கைப் பொதுவாக மேற்கு என்று அழைப்பதில்லை. படிஞ்ஞாறு என்கிறான், ஞாயிறு படும் திசை. அங்கே மேற்கு என்பது தாழ்ந்த கடற்கரை. அதை மேல் என்று சொல்ல வாய் வரவில்லை. கிழக்கு மட்டும் பழக்கத்தில் தங்கிவிட்டது, மலையேறிப் போகும் திசைக்கு 'கீழ்' என்று பேர் சொல்லிக்கொண்டு. இந்தச் சொல் மலைக்கு இந்தப்பக்கம், நம் சரிவில் பிறந்தது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? 1856-இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதைச் சுட்டிவிட்டார்.

நான்கு: கீழ்த்திசை என்பது நம்மைத் தாழ்த்த வெள்ளைக்காரன் ஒட்டிய பேர் என்பார்கள். கீழ் என்றால் இங்கே பள்ளம், இழிவு அல்ல. டெல்டாவின் நெல் விளைவது அந்தப் பள்ளத்தில்தான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிழக்கு என்ற சொல்லைப் பாடம் நடத்தும் நாளில் பிள்ளைகளை வானம் பார்க்க வைக்காதீர்கள். பக்கத்து வாய்க்காலுக்கு அழைத்துப்போங்கள். நம் சரிவில் தண்ணீர் பெரும்பாலும் போகிற பக்கம் கிழக்கு.