நான்கு வெள்ளி ரயிலில் கிடைத்த பாடம்

பள்ளி விடுமுறை நெருங்கும்போது வளாகத்தில் இரண்டு வகைப் பேச்சு கேட்கும். ஜப்பான், கொரியா என்று திட்டம் போடும் பேச்சு ஒன்று. “எங்கள் வீட்டில் அதற்கெல்லாம் வசதி இல்லை” என்று ஒதுங்கிக்கொள்ளும் பேச்சு மற்றொன்று. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது நான் இரண்டாவது கூட்டத்தில் இருந்தேன். பகுதிநேர வேலையில் சேர்த்த சில நூறு வெள்ளிதான் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று பல நாள் யோசித்தேன்.

இறுதியில் விமானத்தை விட்டுவிட்டு ரயிலைத் தேர்ந்தெடுத்தேன். மாணவர்களிடம் பணம் குறைவு. விடுமுறையில் நேரம் அதிகம். இருப்பதைச் செலவழித்து இல்லாததை மிச்சப்படுத்துவதுதானே சிக்கனம்?

இந்தப் பாதையில் இன்றும் போகலாம். உட்லண்ட்சிலிருந்து ஜோகூர் பாருவுக்கு ஐந்து வெள்ளியில் ரயில் இருக்கிறது. பேருந்தில் போனால் அதைவிடக் குறைவு. அங்கிருந்து கோலாலம்பூர். கோலாலம்பூரிலிருந்து மின்ரயிலில் தாய்லாந்து எல்லையான பாடாங் பெசார். அங்கே ஒரே நிலையத்தில் இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, மாலையில் பேங்காக் ரயிலில் ஏறினால் மறுநாள் காலை போய்ச் சேரலாம். படுக்கை வசதி உள்ள பெட்டி என்பதால் ஓர் இரவு விடுதிச் செலவும் மிச்சம்.

பேங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காஞ்சனபுரி வழியாக நாம் டோக் வரை மூன்றாம் வகுப்பு ரயில் ஒன்று ஓடுகிறது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் 100 பாட், ஏறக்குறைய நான்கு வெள்ளி. குளிர்சாதன வசதி கிடையாது. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வயல்களைப் பார்த்தபடி போகலாம். காஞ்சனபுரியைத் தாண்டியதும் ஓரிடத்தில் ஆற்றோரப் பாறையை ஒட்டிய மரப்பாலத்தின்மேல் ரயில் ஊர்ந்து செல்லும். எல்லாரும் கைப்பேசியை எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

அதுதான் சயாம் மரண ரயில் பாதை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 1942, 1943ஆம் ஆண்டுகளில் போட்ட 415 கிலோமீட்டர்ப் பாதை. நேச நாடுகளின் போர்க்கைதிகளோடு, ஆசியத் தொழிலாளர்களும் ஒரு லட்சத்துக்கும் மேல் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள். காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் அவர்களைக் கொன்றன.

காஞ்சனபுரி நகரில் போர்க்கைதிகளுக்கான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள்; புல்வெளி ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது, படைப்பிரிவு. நான் வரிசை வரிசையாக வாசித்துக்கொண்டே போனேன். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் பெயர்கள். தமிழ்ப் பெயர் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. இறந்த தொழிலாளர்களின் எண்ணிக்கை போர்க்கைதிகளின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் இல்லை.

பாலத்தில் நான் எடுத்த படத்தை அன்றிரவு விடுதியில் மறுபடி பார்த்தேன். பின்னணியில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். புறப்படுவதற்கு முன் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலை நூலகத்தில் இரவல் வாங்கிப் படித்திருக்கலாம். அதற்கு ஒரு காசும் செலவாகியிருக்காது. பயணத்தில் நான் செய்த பெரிய தவறு அதுதான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். சிக்கனப் பயணம் என்றாலே நம் பேச்சு கட்டணக் கழிவு, மலிவு விடுதி என்பதோடு நின்றுவிடுகிறது. எவ்வளவு மலிவாகப் போனோம் என்பதில் ஒரு பெருமையும் வந்துவிடுகிறது. எதற்காகப் போகிறோம் என்ற கேள்வியை அதற்கு முன்னால் வையுங்கள். இளையர் விடுதி என்ற ஏற்பாட்டைத் தொடங்கியவரே ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர்தான். 1909இல் மாணவர்களை நடைப்பயணம் அழைத்துச் சென்றபோது புயல்மழையில் சிக்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழிக்க நேர்ந்தது. அன்று பிறந்த எண்ணம் அது. மலிவான படுக்கை அவருக்கு ஒரு வழி மட்டுமே. மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே கற்க வேண்டும் என்பதே நோக்கம்.

மிச்சம் பிடிக்கக்கூடாத இடங்களும் உண்டு. பயணக் காப்புறுதி, முதல் நாள் இரவுத் தங்குமிடம், வெளிச்சம் இருக்கும்போதே ஊர் போய்ச் சேர்வது: இந்த மூன்றிலும் கைவைக்காதீர்கள். பேங்காக்கில் மிக மலிவான விடுதியை நிலையத்திலிருந்து வெகுதூரத்தில் எடுத்தேன். காலை ரயிலைப் பிடிக்க டாக்சிக்குக் கொடுத்ததில் அந்த மிச்சம் கரைந்துபோனது. கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். தாய்லாந்து செல்ல இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை இலவசம். கட்டணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். வெளியுறவு அமைச்சின் பயண ஆலோசனையைப் படித்து, பயணத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் திட்டத்தைத் தாளில் எழுதிப் பெற்றோரிடம் கொடுங்கள். என் அம்மாவின் எதிர்ப்பு தணிந்தது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான். பதினெட்டு வயது ஆகாதவர்கள் பெரியவர் ஒருவரோடு செல்வதே முறை.

இன்னொன்று. ரயிலில் கூடையோடு ஏறி வாழையிலைப் பொட்டலச் சோறு விற்கும் அம்மாவிடம் பத்து பாட் பேரம் பேசாதீர்கள். நம் சிக்கனத்துக்கு அவர் விலை கொடுக்க வேண்டியதில்லை. கடன் வாங்கியும் பயணம் போகாதீர்கள். இந்த விடுமுறையில் முடியாவிட்டால் அடுத்த விடுமுறை வரும்.

“வசதி இல்லை” என்று ஒதுங்கி நிற்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தொலைதூர நாடுகள் காத்திருக்கட்டும். நம் வரலாறு புதைந்திருக்கும் இடங்கள் ஒரு ரயில் தூரத்தில் இருக்கின்றன. முதலில் நூலகத்துக்குப் போங்கள், பிறகு நிலையத்துக்கு. நான் அந்த வரிசையை மாற்றிச் செய்தேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.