பயிற்றுதலும் தேற்றுதலும்

நமது சங்கங்களை அங்கத்தினர்கள் நாடி வருவது நூலுக்கும் உரத்துக்கும் கடனுக்கும் மட்டுமன்று. தொழிலில் வழி கேட்டும் வருகின்றனர். மனச்சுமையை இறக்கி வைக்கவும் வருகின்றனர். இவ்விரு சாராருக்கும் ஒரே உபதேசத்தை வழங்கி அனுப்பும் வழக்கம் கைவிடத்தக்கது என்பது நமது கருத்து.

பயிற்றுதல், தொழிலில் முன்னேற விழைவோருக்கு உரியது. ஆரணியில் ஓர் இளம் நெசவாளரின் துணியில் ஊடை ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் நெகிழ்ந்தும் விழுகிறதென்று கொள்வோம். அவரை எழுப்பிவிட்டுத் தாமே தறியில் அமர்பவர் நல்ல பயிற்றுநர் ஆகார். பாவின் இறுக்கம் எவ்வாறுள்ளது, அச்சுப்பலகை ஒரே சீராக அடிக்கப்படுகிறதா என்று வினவி, குறையை அவரே கண்டறியச் செய்தல் வேண்டும். 1989ஆம் ஆண்டில் இந்தோனேசியாவில் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளியின் நெறியும் இதுவே. அங்கு உழவர்கள் தாமே வயலில் இறங்கித் தீமை செய்யும் பூச்சிகளையும் நன்மை செய்யும் பூச்சிகளையும் எண்ணிப் பார்த்து, மருந்து தேவையா என்று முடிவு செய்தனர். தொழிலறிவு, கூர்ந்த நோக்கு, தக்க வினா, ஒரு நேரத்தில் ஒரு குறையை மட்டும் திருத்தும் பொறுமை ஆகியவை பயிற்றுநருக்கு இன்றியமையாதவை.

உளவள ஆலோசனை எனப்படும் தேற்றுதல் வேறு. மகன் தறியை விட்டுக் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைக்குச் சென்றுவிட, கடனும் பெருகி, உணவும் உறக்கமும் இழந்திருக்கும் தந்தைக்கு நாடா எறியும் நுட்பத்தைக் கற்பிப்பது கொடுமையாகும். அவருக்கு வேண்டியது இடைமறியாமல் கேட்கும் செவி. பழி கூறாத நா. கேட்டதை வெளியிடாத நெஞ்சம். தம் ஆற்றலின் எல்லையை உணர்ந்து மருத்துவரிடம் அனுப்பும் அறிவும் கேட்பவருக்கு வேண்டும். 1986ஆம் ஆண்டு முதல் சென்னையில் சிநேகா அமைப்பு தற்கொலைத் தடுப்புப் பணியாற்றி வருகிறது. 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 14416 என்னும் அரசின் தொலைபேசி எண்ணும் உண்டு. இவற்றை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிதல் நலம்.

இங்கு ஒன்றை வற்புறுத்த விரும்புகிறோம். கடன் ஏட்டைக் கையில் வைத்திருப்பவரிடம் எவரும் மனம் திறந்து துயரம் கூறார். ஆகவே தவணை வசூலிப்போரிடம் தேற்றும் பணியை ஒப்படைத்தல் கூடாது. தொழில் பயிற்றத் தேர்ந்த நெசவாளர் ஒருவரையும் உழவர் ஒருவரையும் சங்கம் அமர்த்தட்டும். துயர் கேட்க, வசூலோடு தொடர்பற்றவரும் அதற்கெனப் பயின்றவருமான ஆண் ஒருவரையும் பெண் ஒருவரையும் தனியே நியமிக்கட்டும்.

1904ஆம் ஆண்டில் நம் மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது, தனித்து நிற்போர் ஒருவரையொருவர் தாங்கும் பொருட்டே. அத்தாங்குதல் பணத்தோடு நின்றுவிடலாகாது. வருகின்ற பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசித்து முடிவு செய்வார்களாக.