மேலதிகாரி நீட்டும் நட்புக் கரம்!

இரவு ஷிப்ட் முடிந்து, பஸ் பிடித்து வீடு வந்து, ஒரு வாய் சோறு உண்டு, பாயை விரித்துச் சற்றே கண்ணயரலாம் என்று தலை சாய்க்கிறார் ஒரு தொழிலாளி. தலைமாட்டிலே கைப்பேசி சிணுங்குகிறது. எடுத்துப் பார்க்கிறார். இன்னார் உங்களோடு நட்புக் கொள்ள விரும்புகிறார் என்று முகநூல் சேதி சொல்கிறது. யார் அந்த இன்னார்? பள்ளிக்கூடத்துத் தோழனா? பக்கத்துத் தெருக்காரனா? ஊரிலே உடன் விளையாடிய மாமன் மகனா? அல்ல, அல்ல! இரவெல்லாம் இயந்திரத்தின் அருகே வந்து நின்று, "என்னய்யா, இன்னுமா முடியவில்லை?" என்று அதட்டிய சூப்பர்வைசர்தான்! பொழுது விடிந்ததும் அவர்தான் நட்புக் கரம் நீட்டுகிறார்!

போயிற்று தூக்கம். ஏற்பதா, மறுப்பதா? ஏற்றால், நம் வீட்டுச் சேதி முழுதும் அவர் விரல் நுனிக்குப் போய்ச் சேரும். மறுத்தால், நாளைக்கு ஷிப்ட் போடுகிற பேனா அவர் கையிலே இருக்கிறது. புரண்டு புரண்டு படுக்கிறார். எட்டு மணி நேர வேலைக்குக் கூலி உண்டு; இந்த ஒன்பதாவது மணி நேரக் கவலைக்குக் கூலி கொடுப்பார் யார்?

"கூலி உயர்வு இருக்கிறது, ஒப்பந்தத் தொழிலாளர் நிரந்தரம் இருக்கிறது, அவற்றை விட்டுவிட்டு முகநூலைப் பற்றி எழுத வந்துவிட்டாரே!" என்று சில தோழர்கள் முணுமுணுக்கக் கூடும். கேட்கிறேன்: கூலி உயர்வு கேட்டுக் கூடிய வாயிற் கூட்டத்தின் படத்தை எங்கே போடுகிறீர்கள்? நிரந்தரம் கோரும் அறிக்கையை எங்கே பரப்புகிறீர்கள்? அங்கேதானே! அந்த வீட்டுக்குள்ளே யாரை அழைப்பது, யாரை வாசலோடு வணக்கம் சொல்லி அனுப்புவது என்பது சில்லறை விஷயமா?

முகநூல் பிறந்தது 2004-ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக் கழகத்திலே. மாணவர்கள் மாணவர்களுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. அங்கே ஒருவன் இன்னொருவனுக்கு நட்பு வேண்டுகோள் விடுத்தான். ஏற்றால் மகிழ்ச்சி; மறுத்தால் ஒரு நாள் வருத்தம்; அத்தோடு முடிந்தது. ஒருவன் சோறு இன்னொருவன் கையிலே இல்லை. 2006-இல் கதவை உலகுக்கே திறந்துவிட்டார்கள். ஆலை முதலாளி வந்தார்; வாயிற் காவலரும் வந்தார். மானேஜர், மேஸ்திரி, மெக்கானிக் எல்லோரும் வந்தார்கள். ஆனால், மாணவர் விடுதிக்கென்று தைத்த சட்டையையே அத்தனை பேருக்கும் மாட்டிவிட்டார்கள்! உறவு எதுவாயினும் பெயர் ஒன்றுதான்: 'நண்பர்'. ஒருவர் 5,000 நண்பர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். கோப்பெருஞ்சோழனுக்கு ஒரே ஒரு பிசிராந்தையார், நமக்கு ஐயாயிரம்!

"பார்த்தீரா, நீரே ஒப்புக்கொண்டீர்! அரசனும் புலவரும் முகம் காணாமலே நட்புக் கொள்ளவில்லையா? அதுபோல அதிகாரியும் தொழிலாளியும் நண்பர்களானால் என்ன?" என்று யாரேனும் வாதத்துக்கு வரட்டும். சோழன் இருந்தது உறையூரிலே. புலவர் இருந்தது பாண்டிய நாட்டுப் பிசிர் எனும் ஊரிலே. சோழனிடம் அவர் சம்பளம் வாங்கவில்லை. சோழன் முகம் கோணினால் பிசிராந்தையார் வீட்டு அடுப்பு அணையாது. அதனாலேதான் அது நட்பு! சோழன் வடக்கிருந்தபோது, அழைப்பாணை ஏதுமின்றி, தாமே தேடிச் சென்று பக்கத்தில் அமர்ந்தார் புலவர்.

வள்ளுவர் இதிலே தெளிவாக இருந்தார். ஆள்வோரிடம் எப்படிப் பழகுவது என்பதற்கு 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என்று 70-ஆவது அதிகாரம் தனியே அமைத்தார். நட்பைப் பற்றிப் பேச 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் வேறாக அமைத்தார். அதை இதிலே கலக்கவில்லை. இதை அதிலே குழைக்கவில்லை. 'நட்பு' என்ற அதிகாரம் முடிந்ததும் அடுத்த அதிகாரமே 'நட்பாராய்தல்'! முகநூல்காரர் ஆராய்வதற்கு இடம் வைக்கவில்லை. அழுத்துவதற்கு ஒரு பொத்தான் வைத்தார்.

வேண்டுகோள் என்றால் என்ன பொருள்? மறுக்கும் உரிமையும் கூடவே வருகிறது என்று பொருள். மறுத்தால் கேடு வருமோ என்ற அச்சத்தோடு வந்து நிற்பதற்குத் தமிழிலே வேறு பெயர் இருக்கிறது. கட்டளை! கட்டளைக்குப் பட்டுச் சட்டை மாட்டிவிட்டால் அது வேண்டுகோள் ஆகிவிடாது. ஆகவே, மேலே இருப்பவர் தமக்குக் கீழே பணியாற்றுபவருக்கு நட்பு வேண்டுகோள் அனுப்பலாகாது. அனுப்பாதிருப்பதே அவருக்கு அழகு. கீழே இருப்பவர் தாமாக விரும்பி அனுப்பினால் அது வேறு; ஏற்பதும் ஏற்காததும் அவர்கள் பாடு.

"அதிகாரிகள் அத்தனை பேரும் கெட்டவர்களா?" என்பீர்கள். இல்லை. நல்லவர் பலர் உண்டு. தொழிலாளி வீட்டுத் துக்கத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர் உண்டு. அத்தகையவர் நட்பை நாடினால் கேன்டீனுக்கு வரட்டும், பெஞ்சிலே பக்கத்தில் அமரட்டும், ஒரு டீ குடிக்கட்டும். யார் வேண்டாம் என்றது? முகநூலிலேதான் நட்பு வேண்டும் என்றால், ஓய்வு பெற்ற மறுநாள் அனுப்பட்டும். முதல் ஆளாக ஏற்றுக்கொள்வார்கள்!

சரி, ஏற்றுக்கொண்டால் என்னதான் குடி முழுகிவிடும்? காய்ச்சல் என்று லீவு சொன்ன நாளிலே, மைத்துனன் போட்ட கலியாணப் படத்தின் மூலையில் நம் முகம் தெரிந்தால் மறுநாள் மெமோ. இது எல்லோரும் அறிந்த சிறு தொல்லை. அதிலே தப்பு நம் பக்கமும் உண்டு, விட்டுவிடுவோம். பெரிய தொல்லை வேறொன்று. அதை வாய்விட்டுச் சொல்வோர் குறைவு.

சாதி!

முன்னெல்லாம் ஒருவன் சாதியை அறிய வேண்டுமானால், "ஊர் எது? எந்தத் தெரு? தெருவிலே எந்தப் பக்கம்?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். கேட்பவனுக்கே சற்றுக் கூச்சம் இருக்கும். கேட்கப்பட்டவன் பேச்சை மாற்றித் தப்பிக்கவும் வழி இருந்தது. கிராமத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தவனுக்கு ஆலை தந்த நன்மைகளுள் தலையாயது எது தெரியுமா? அங்கே அவனுக்கு எண் பொறித்த அட்டை உண்டு. தெருப் பெயர் கிடையாது! 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாட்டிலே, பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதிப் பட்டத்தைத் துறப்போம் என்றார்கள். துறந்தார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து நடந்தது தமிழகம்.

இன்றோ, அழைப்பை ஏற்ற மறு நொடியிலே, கேள்வியே இல்லாமல் விடை கிடைத்துவிடுகிறது! தம்பி கலியாணப் பேனரில் எந்தத் தலைவர் படம்? ஊர்த் திருவிழா எந்தக் கோயிலுக்கு? சித்தப்பா மகன் தன் பெயரோடு மீண்டும் ஒட்டிக்கொண்ட வால் என்ன வால்? கூட்டிப் பார்த்தால் போதும். மறுநாள் கேன்டீனிலே தம்ளர் மாறாது. அதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஓவர்டைம் பட்டியலிலே பெயர் மாறும். இலகுவான வேலை இன்னொருவருக்குப் போகும். காரணம் எங்கும் எழுதப்படாது. எழுதப்படாத காரணத்தை எந்தக் கோர்ட்டிலே கொண்டுபோய்க் காட்டுவது, தோழர்களே?

அடுத்து, கருத்து. ஒரு சொல் கூட எழுதவில்லை, விரலால் ஒரு தட்டுத் தட்டி 'லைக்' போட்டேன், அவ்வளவுதான் என்பார்கள். அந்த ஒரு தட்டுக்கு என்ன விலை என்று பாருங்கள். அமெரிக்காவில் வர்ஜினியா மாநிலத்து ஹாம்ப்டன் நகரிலே, ஷெரீப் என்னும் காவல் அதிகாரி தேர்தலிலே நின்று வெல்ல வேண்டும். 2009-இல் தேர்தல் வந்தது. ஷெரீப்பை எதிர்த்து நின்றவரின் பக்கத்துக்கு 'லைக்' போட்டார் ஓர் ஊழியர். தேர்தலில் ஷெரீப் வென்றார். ஊழியருக்கு மீண்டும் வேலை இல்லை. வழக்குப் போட்டார்கள். 'லைக்' என்பது பேச்சே ஆகாது என்று 2012-இல் தள்ளியது கீழ்க் கோர்ட்டு. பேச்சுத்தான், வீட்டு வாசலிலே தேர்தல் பலகை நட்டு வைப்பதற்கு ஒப்பானது என்று 2013-இல் தீர்ப்பளித்தது மேல்முறையீட்டுக் கோர்ட்டு. வெற்றிதான். ஆனால் 2009 எங்கே, 2013 எங்கே! இடையிலே எரிய வேண்டிய அடுப்பு?

அதிகாரியின் கண்ணுக்கு மட்டும் மறைத்தால் போதும் என்றும் எண்ணிவிட வேண்டாம். அதே நாட்டில் பஃபலோ நகரத்துச் சமூக சேவை நிறுவனம் ஒன்றில், 2010-இல் நடந்தது இது. நாம் சரியாக வேலை செய்வதில்லை என்று கூடப் பணியாற்றும் ஒருவர் குறை சொல்கிறாராமே, என்ன சொல்கிறீர்கள் என்று ஒரு பெண் ஊழியர் முகநூலில் கேட்டார். நான்கு தோழர்கள் பதில் எழுதினார்கள். விடுமுறை நாளிலே எழுதினார்கள். குறை சொன்னவரே அதைப் பார்த்தார், மேலே கொண்டுபோனார். ஐவருக்கும் வேலை போயிற்று! வேலை நிலைமை பற்றித் தொழிலாளர் தமக்குள் கூடிப் பேசுவது உரிமை, ஐவரையும் திரும்ப எடுத்துக்கொள் என்று தேசியத் தொழிலுறவு வாரியம் 2012-இல் ஆணையிட்டது. நல்ல ஆணை. ஆனால், அமெரிக்கத் தீர்ப்பு அம்பத்தூருக்கு வாராது.

நம் நாட்டிலே? அரசு ஊழியருக்கு ஓரளவு வெளிச்சம் உண்டு. திரிபுராவில் அரசு ஊழியர் ஒருவர் மீது, அரசியல் கூட்டத்துக்குப் போனார், முகநூலில் ஒரு கட்சியைச் சாடினார் என்று குற்றம் சாட்டி, ஓய்வு பெறச் சில நாட்களே இருக்கையில் இடைநீக்கம் செய்தார்கள். அரசு ஊழியரானாலும் பேச்சுரிமை பறிபோகாது, நடத்தை விதிகளின் எல்லைக்குள் கருத்துச் சொல்லலாம் என்று 2020 ஜனவரியில் திரிபுரா உயர்நீதிமன்றம் கூறி, துறை விசாரணையை நீக்கியது. தனியார் ஆலைத் தொழிலாளி அவ்வளவு தூரம் போவானா? வக்கீலைப் பார்க்கப் போகும் நாளுக்கே சம்பளம் வெட்டு!

நம்மவர்களுக்கும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும், கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சூப்பர்வைசர் அழைப்பை எண்ணித் தூக்கமிழக்கும் அதே தோழர், பாக்கிங் பிரிவிலே புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குத் தாமே அழைப்பு அனுப்புகிறார்! ஏற்கவில்லை, இரண்டாம் முறை அனுப்புகிறார். மூன்றாம் முறை இரவு பதினொரு மணிக்கு 'ஹாய்' என்கிறார். மேலேயிருந்து வந்தால் அடக்குமுறை, நாம் அனுப்பினால் அன்போ? அந்தப் பெண்ணும் மறுநாள் அதே வாயில் வழியாகத்தானே உள்ளே வர வேண்டும்? பண்பு ஒருபுறம் இருக்கட்டும், சட்டமும் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-இலே வந்தது. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பெண்ணை மீண்டும் மீண்டும் தொடர்பு கொள்ள முயல்வதும், இணையத்திலே அவர் என்ன செய்கிறார் என்று பின்தொடர்ந்து நோட்டமிடுவதும் குற்றம். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலே அது 78-ஆவது பிரிவு. சட்டத்தின் பெயர் வாயிலே நுழையாது. எண்ணையாவது நினைவில் வையுங்கள்.

உடன் வேலை செய்யும் ஆண் தோழரிடமும் முறை ஒன்றுதான். முதலில் நேரிலே கேளுங்கள். "முகநூலிலே இருக்கிறாயா, சேர்த்துக்கொள்ளட்டுமா?" என்றால், "நான் குடும்பத்தாரை மட்டுந்தான் வைத்திருக்கிறேன், அண்ணே" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லவும் வழி இருக்கும். சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். அவர் எழுதியதைப் படம் பிடித்து மற்றவர் கண்ணுக்குக் காட்டாதீர்கள். பஃபலோவிலே ஐந்து பேர் சோறு போனது அந்த வகையிலேதான்.

ஏற்கெனவே வந்து கிடக்கும் அழைப்பை என்ன செய்வது என்கிறீர்களா? ஏற்காமல் நீக்கிவிடலாம், நீக்கினார் என்று அனுப்பியவருக்கு முகநூல் சேதி அனுப்புவதில்லை. முன்பே ஏற்றுவிட்டவர்கள், 'ரெஸ்ட்ரிக்டட்' என்னும் பட்டியலிலே அந்தப் பெயரைத் தள்ளி வைக்கலாம். அவர் நண்பராகவே இருப்பார். ஊருக்கெல்லாம் பொதுவாகப் போட்டது தவிர வேறெதுவும் அவர் கண்ணிலே படாது. அதுவும் அவருக்குத் தெரியாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் இன்னாருக்கு வேண்டாம் என்று ஒதுக்கி வைக்கலாம்; ஷிப்ட் விவரத்துக்காக ஆபீசுக்குக் கொடுத்த நம்பர், மகள் சடங்குப் படத்தை மானேஜருக்குக் காட்டுவதற்காகக் கொடுத்ததல்ல.

ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பதா? மேரிலாந்து மாநிலத்தார் 2012-இலேயே, ஊழியரிடம் சமூக வலைத்தளக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கலாகாது என்று சட்டமே செய்தார்கள். அமெரிக்க மாநிலங்களில் அதுதான் முதல். நம் சங்கத் தோழர்கள் அடுத்த முறை போனஸ் பேசப் போகும்போது, கோரிக்கைப் பட்டியலின் அடியிலே இரண்டு வரி சேர்த்துக்கொண்டு போகட்டும். அதிகாரிகள் தம் கீழ்ப் பணியாற்றுவோருக்கு நட்பு வேண்டுகோள் அனுப்பலாகாது என்பது ஒன்று. வேலைக்கு எடுக்கும்போது முகநூலைத் திறந்து காட்டு என்று கேட்கலாகாது என்பது மற்றொன்று. பைசாச் செலவில்லாத கோரிக்கை! நிர்வாகம் இதற்கும் மறுப்புச் சொன்னால், ஏன் மறுக்கிறது என்று அந்த மேசையிலேயே கேட்டு, விடையை எழுத்து மூலம் வாங்கிக்கொண்டு வாருங்கள்.