நேத்து என்ன குழம்பு?



வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்களிடம் கேட்டுக்கொண்டு அவர்கள் போனில் உள்ள பெயர்களை ஒருமுறை மேலிருந்து கீழே தள்ளிப் பாருங்கள். என் அம்மாவின் போனில் இருப்பவை இவை: ‘திருப்புகழ் கும்பகோணம்’, ‘மாடித்தோட்டம் ஈரோடு’, ‘கோலம் மதுரை’, ‘கோலம் மதுரை தங்கச்சி’. இவர்களில் ஒருவரைக்கூட அம்மா நேரில் பார்த்ததில்லை. ஆனால் கும்பகோணத்து அக்காவுக்கு எந்த முழங்காலில் வலி, ஈரோட்டுக்காரரின் பேரனுக்கு எந்தப் பாடம் ஏறாது, மதுரைக்காரியின் நாத்தனார் எதற்காகக் கோபித்துக்கொண்டு போனார் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அத்துப்படி. கிணத்தடி வீட்டு அத்தை, தபாலாபீஸ் மாமா என்று அந்தக் காலத்தில் ஆட்களை இடத்தை வைத்துச் சொன்னோமே, அந்தப் பழக்கம் போனுக்குள்ளும் வந்துவிட்டது.

கும்பகோணம் எங்கள் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்ல வேண்டும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டார்களே, அப்போது பாட்டு வகுப்பு, யோகா வகுப்பு, ஸ்லோக வகுப்பு எல்லாம் போனுக்கு வந்தன. அம்மா ஒரு திருப்புகழ் வகுப்பில் சேர்ந்தார். அருணகிரிநாதரின் சந்தம் வாய்க்குள் புரளவே பாதி நாள் பிடிக்கும். அதற்கு மேல் இந்த வகுப்பில் ஒரு தொல்லை. “எல்லாரும் மைக்கை அணைச்சு வையுங்கோ” என்று வாத்தியார் கெஞ்சுவார். யாருக்கும் அணைக்கத் தெரியாது. ஒரு வீட்டில் குக்கர் விசில், ஒரு வீட்டில் டிவி, ஒரு வீட்டில் மருமகளோடு வாக்குவாதம். ஒருநாள் பாட்டின் நடுவே ஒரு குரல்: “டேய், மாடு துணிய இழுக்குது பாருடா!” வகுப்பே சிரித்தது. மறுநாள் அம்மா அந்த எண்ணைத் தேடிப் பிடித்து அனுப்பிய முதல் செய்தி, “அக்கா, அந்தத் துணி கிடைச்சுதா?”

கிடைக்கவில்லையாம். ஓரம் போன பழைய சின்னாளப்பட்டியாம். பேச்சு அங்கே தொடங்கியது. வகுப்பு முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன, இவர்கள் முடிக்கவில்லை.

என்னதான் பேசுகிறார்கள் என்று கேட்காதீர்கள். இருவருக்கும் தட்டச்சு ஒத்துவராது; எல்லாம் குரல்பதிவுதான். அம்மா போனை வாய்க்கு நேரே அப்பளம் மாதிரி கிடத்திப் பிடித்துக்கொண்டு பேசுவார்.

“அக்கா, இன்னிக்கு என்ன சமையல்?”

“என்னத்த... நேத்து வச்ச வத்தக்குழம்பு கெடக்கு. அப்பளம் சுட்டுக்கிட்டேன். மழைக்கு அது போதும்.”

“மருமக வேலைக்குப் போயிட்டாளா?”

“போயிட்டா. டிபன் பாக்ஸ மறந்துட்டுப் போயிட்டா. போன் பண்ணிச் சொன்னா, நான் என்னமோ குத்தம் சொல்றேன்னு நெனைச்சுக்குவா. அதான் நானே தின்னுட்டேன்.”

இவ்வளவுதான். இதில் செய்தி என்று ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வீட்டில் மாமியார் மருமகள் எப்படி இருக்கிறார்கள், யார் யாருக்குப் பயப்படுகிறார்கள், மழை எவ்வளவு பெய்கிறது, அக்காவின் பசி எப்படி என்பதெல்லாம் நாலு வரிக்குள் வந்துவிட்டது. நாட்டு நடப்பு பேச ஆரம்பித்த எத்தனையோ குழுக்கள் தேர்தலோடு சண்டை போட்டுக் கலைந்து போனதைப் பார்த்திருக்கிறேன். குழம்பு பேசிய இந்த இரண்டு பேர் மட்டும் நிலைத்திருக்கிறார்கள்.

“வீட்டில் இருக்கிறவர்களோடு பேசாமல் எவரோடோ என்ன பேச்சு?” என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டிலும் ஒருவர் உண்டு. பெயர் சொன்னால் எனக்கு ராத்திரி சாப்பாடு கிடையாது. அவருக்கு என் பதில் இது: அம்மாவின் முழங்கால் வலியை நாம் எல்லோரும் கேட்டாயிற்று. “மாத்திரை போட்டாச்சா?” என்பதற்கு மேல் நம்மிடம் கேள்வி இல்லை. கும்பகோணம் மட்டும்தான், “படியேறும்போது வலிக்குதா, எறங்கும்போதா?” என்று கேட்கிறது. அதே வலி அங்கேயும் இருக்கிறது. அதோடு, வெளியூர்க்காரர் நம் வீட்டுப் பஞ்சாயத்தில் கட்சி சேர முடியாது. நாளைக்குக் கல்யாண வீட்டில் வந்து அதை இன்னொருத்தர் காதில் போடவும் முடியாது. சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியாததை அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறார்கள். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும்போது போனைப் பார்க்கிறார்களே, அதற்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

முகம் பார்க்காத சிநேகம் பத்திரிகைக்காரர்களான எங்களுக்குப் புதிதில்லை. ‘பேனா நண்பர்கள்’ பகுதி நினைவிருக்கிறதா? பெயர், வயது, பொழுதுபோக்கு, கதவு எண்ணோடு முழு முகவரி என எல்லாவற்றையும் அச்சில் போட்டுவிடுவார்கள். பொழுதுபோக்கு என்று பாதிப் பேர் ‘தபால்தலை சேகரித்தல்’ என்றே எழுதியிருப்பார்கள். இன்றைக்கு ஒரு வாசகரின் முகவரியை அப்படி அச்சிட்டால் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள், அதுவும் நியாயம்தான். இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பேசிய காலத்தில் பாட்டுக்கு முன்னால் நேயர்களின் பெயரும் ஊரும் வாசிக்கப்படும். அடிக்கடி கேட்கும் பெயர்கள் நமக்குத் தெரிந்தவர்கள் போலவே ஆகிவிடும். எழுத்தாளர் வல்லிக்கண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். தனக்கு வரும் சிற்றிதழ்களையும் புதியவர்களின் புத்தகங்களையும் படித்துவிட்டுக் கைப்படக் கடிதம் போடுவதை வாழ்நாள் பழக்கமாக வைத்திருந்தவர். 2006-இல் அவர் காலமானபோது, அவரை ஒருமுறைகூடப் பார்க்காத எத்தனையோ பேர் வீட்டுப் பெரியவரை இழந்ததுபோல் ஆனார்கள். பரணில் அவருடைய அஞ்சலட்டைகளைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் பிசிராந்தையாரைக் கூப்பிட வேண்டும் என்பது ஆசிரியர் பக்கங்களின் எழுதாத சட்டம். நானும் கூப்பிடுகிறேன், ஆனால் அவருடைய முடிவுக்காக இல்லை. உறையூரில் கோப்பெருஞ்சோழன், பாண்டிய நாட்டுப் பிசிரில் ஆந்தையார். பார்க்காமலே நண்பர்கள். சோழன் வடக்கிருந்து உயிர்விட, இவரும் தேடி வந்து உயிர்விட்டார் என்பதைத்தான் எல்லோரும் சொல்வோம். நான் எடுப்பது புறநானூற்றின் 191-ஆம் பாட்டை. “இத்தனை வயதாகியும் உங்களுக்கு ஏன் நரைக்கவில்லை?” என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் அது. வேதாந்தம் பேசியிருப்பார் என்றுதானே நினைப்போம்? முதல் காரணமே வீட்டுக்காரியும் பிள்ளைகளும்தான். மனைவி குணவதி, பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள், வேலை செய்கிறவர்கள் என் மனதறிந்து நடக்கிறார்கள், அரசன் தப்புத்தண்டா செய்யாமல் காக்கிறான், ஊரில் நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள். அம்மாவின் குரல்பதிவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. 67-ஆம் பாட்டில் அன்னச் சேவலிடம், வழியில் உறையூரில் இறங்கி என் பெயரைச் சொல், உன் பேடைக்குச் சோழன் நகை கொடுப்பான் என்று சொல்லி அனுப்புகிறார். டேட்டா கட்டணத்தை அன்றைக்கு வாங்கிக்கொள்பவர் கட்ட வேண்டியிருந்தது போலிருக்கிறது.

இந்தத் தூரத்துச் சிநேகத்தில் உலகியல் லாபமும் உண்டு. மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களை விசாரித்து 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அடிக்கடி சந்திக்கும் ஆள் வழியாகக் கிடைத்தவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பேசுகிற ஆட்கள்தான் வழி காட்டியிருக்கிறார்கள். காரணம் எளிது. நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் முன்பே தெரிந்திருக்கும்; தூரத்து ஆளுக்குத்தான் நாம் கேள்விப்படாத சங்கதி தெரியும். எங்கள் மாடிக் கத்திரிச் செடியை மாவுப்பூச்சி அப்பிக்கொண்டபோது தெருவில் யாருக்கும் வைத்தியம் தெரியவில்லை. “அம்மா, வேப்பெண்ணெயில கொஞ்சம் சோப்புத் தண்ணி கலந்து, வெயில் தாழ அடிங்க. இலைக்குக் கீழ அடிக்கணுங்க, மேல அடிச்சா பிரயோசனமில்லீங்க” என்று ஈரோடு சொன்னது. இப்போது வாரம் இருமுறை கத்திரிக்காய். ஈரோட்டின் மேல் எனக்கு லேசான வருத்தமே உண்டு.

ஆனால் ஒன்று. வீட்டுக் கதை நம் ஒருவருடைய கதை மட்டும் இல்லை. போன வருஷம் என் மகள் பள்ளித் தேர்வு முடிவு வந்த அன்று, “பாப்பா, கணக்குல கொஞ்சம் விட்டுட்டியாமே, பரவால்லடா கண்ணு” என்று மதுரையிலிருந்து ஒரு குரல்பதிவு. அவள் பாட்டியோடு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு உடன்படிக்கை ஆயிற்று: அவள் மதிப்பெண், முகப்பரு, சிநேகிதிகளின் விவகாரம் மூன்றும் வீட்டு வாசல் தாண்டக் கூடாது, மற்றதெல்லாம் பாட்டி இஷ்டம். பேத்தி சொன்னது சரி என்றுதான் நான் தீர்ப்புச் சொன்னேன். குளிக்கும் குழந்தையின் படத்தையும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் மாமனாரின் படத்தையும் “பிரார்த்தனை பண்ணிக்கோங்க” என்று அனுப்புகிறவர்கள், படத்தில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பலாம்.

இன்னொன்று, பணம். தெரிந்தவரின் பெயர், படம் எல்லாம் அச்சாக வைத்து, “அவசரம், இருபதாயிரம் போடுங்க, சாயங்காலம் தந்துடறேன்” என்று வரும் செய்தி இப்போது ஊருக்கு ஊர் வருகிறது. குரலைக்கூட நகலெடுக்கிறார்கள். இதற்கு அம்மாவும் கும்பகோணத்து அக்காவும் தாங்களாகவே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். யார் பணம் கேட்டாலும் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி, “நேத்து என்ன குழம்பு?” திருடன் படத்தை எடுக்கலாம், பெயரை எடுக்கலாம், நேற்றைய குழம்புக்கு எங்கே போவான்? வங்கிக்காரர்கள் வைக்கும் ரகசியக் கேள்விகளைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. விடை தினமும் மாறுகிறது. யாராவது ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

ஒன்றைப் பற்றி மட்டும் நாம் யாரும் யோசிப்பதில்லை. சொந்தபந்தத்தில் யாராவது போய்விட்டால் சொல்லி அனுப்ப ஆள் உண்டு. இந்தச் சிநேகிதர்களுக்கு யார் சொல்வது? பதில் வராத போனைப் பார்த்துக்கொண்டு அவர்கள் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள்? அம்மா போன மாதம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு எண்களை எழுதி என்னிடம் கொடுத்தார். “எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா இவங்களுக்கும் சொல்லிடு. கும்பகோணத்துக்கு மட்டும் காலையில சொல்லாத. பிரஷர் மாத்திரை போட்டு, சாப்பிட்டு முடிக்கட்டும். பதினோரு மணிக்கு மேல சொல்லு.” உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாள் இருக்கட்டும்.

சரி, அடுத்தது கார்த்திகை இதழ். பொரி உருண்டைக்குப் பாகு எடுக்கும் பக்குவத்தை வாசகர்கள் எழுதி அனுப்பலாம். தண்ணீரில் விட்ட பாகை உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் வரவேண்டும் என்பதில் கும்பகோணத்துக்கும் மதுரைக்கும் ஒற்றுமை. சுக்குத்தூள் சேர்ப்பதா கூடாதா என்பதில் இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை முறிந்திருக்கிறது. அம்மா நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் ஊர் எந்தக் கட்சி என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்