கற்பனைப் பிராணிக்கும் பசி உண்டு

புழுதி பறக்கும் பாலைத் தீவு ஒன்றிலே செடிகொடிகளைத் தின்று வாழும் பிராணியைக் கற்பனை செய்து வரையுங்கள் என்று பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னால், ஒட்டகத்தின் திமிலும் யானையின் துதிக்கையும் முள்ளம்பன்றியின் முட்களும் ஒருங்கே வாய்த்த சர்வ வல்லமையுள்ள ஜந்து ஒன்று காகிதத்தில் தோன்றிவிடும். அத்தனை அவயவங்களையும் போஷிக்க அத்தீவிலே ஆகாரம் ஏது என்று கேட்பார்தாம் இல்லை.

இயற்கை அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. ஈக்வடார் தேசத்துக்கு மேற்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் சமுத்திரத்திலுள்ள கலாபகோஸ் தீவுகளுள் எஸ்பனியோலா என்பது தாழ்ந்த, வறண்ட தீவு. மழைவளமுள்ள பெரிய தீவுகளின் மலைச்சரிவிலே புல் மேயும் ராட்சத ஆமைகளுக்கு ஓடு உருண்டு திரண்டு கழுத்தை நெருக்கி மூடியிருக்க, பசும்புல் அரிதான இத்தீவின் ஆமைக்கோ ஓட்டின் முன்விளிம்பு குதிரைச் சேணம்போல் மேல்நோக்கி வளைந்து, நீண்ட கழுத்தை உயர்த்திச் சப்பாத்திக்கள்ளியின் மடலை எட்டிக் கடிக்க இடங்கொடுக்கிறது. இந்தச் சௌகரியம் இனாமாக வந்ததன்று. உடல் சிறுத்தது, கழுத்து கவசமின்றி வெளிப்பட்டது, வளர்ந்த ஆமையைக் கொல்லவல்ல பெரிய மிருகம் அங்கே இல்லாத காரணத்தாலேயே அந்தத் துணிச்சல் பலித்தது. கள்ளியும் வாளாவிருக்கவில்லை, ஆமைகள் வாழ்ந்த தீவுகளிலே அடிமரம் விட்டு ஓங்கி நிற்கும் அதே இனம், ஆமையில்லாத தீவுகள் சிலவற்றிலே தரையோடு தாழ்ந்து கிடக்கிறது.

அதே தீவுகளின் கரையிலே கடற்பாசி தின்னும் உடும்பு ஒன்று, உடம்பில் மிகும் உப்பை நாசி வழியே பீச்சி வெளியேற்றுகிறது. எல் நினோ வந்து கடல்நீர் உஷ்ணமாகிப் பாசி அழியும் பஞ்சகாலத்திலோ, மெலிவதோடு நில்லாமல் உடல் நீளத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு வரை குறுகி, பாசி தழைத்தபின் மீண்டும் நீளுகிறது. எந்தச் சித்திரக்காரனுக்கும் எளிதில் தோன்றாத யுக்தி இது.

சர்வ வல்லமையுள்ள பிராணியை மெய்யாகவே தீவில் விட்டால் என்னவாகும் என்பதற்கும் அத்தாட்சி உண்டு. கப்பல்காரர்கள் ஆமைகளை உணவுக்காக அள்ளிச் சென்றது ஒருபுறமிருக்க, மனிதர் கொண்டுவந்து விட்ட ஆடு, எதையும் தின்று, எங்கும் ஏறி, விரைந்து பெருகி, எஸ்பனியோலாவின் பசுமையை மொட்டையடித்தது. கடைசியில் எஞ்சிய ஆமைகள் 14. அவற்றையும் சான் டியாகோ மிருகக்காட்சிசாலையிலிருந்து திரும்பிவந்த ஓர் ஆண் ஆமையையும் சாந்தா குரூஸ் தீவிலே வைத்துச் சந்ததி பெருக்கி, ஆடுகளை ஒழித்த பூமியிலே குஞ்சுகளை விட்டுவந்து, 2020ஆம் ஆண்டில் அந்தப் பெற்றோரையும் சொந்தத் தீவுக்கே அனுப்பிவைத்தார்கள்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்: பிராணியை வரையச் சொல்லுமுன் தீவை வரையச் சொல்லுங்கள். மழை எத்தனை மாதம், என்ன செடி, அது எவ்வளவு உயரம் என்று எழுதியபின், தாம் படைத்த பிராணிக்குக் கொடுக்கும் ஒவ்வோர் உறுப்புக்கும் ஈடாக அது எதை இழக்கிறது என்பதையும் பக்கத்திலே பிள்ளைகள் குறிக்கட்டும்.